ஆஃபியாவின் பதினோரு நிமிஷம்

"மூணு எடம், ஒரே மணி. ஒரு செகண்டு பிசகாது. பிசகுச்சுன்னா நான் என் பேரையே மாத்திக்கிறேன்."

ஆறு வருஷமாக ஆஃபியாவின் பேச்சு இதுதான். சும்மா பீத்திக்கொள்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். சொன்னதைச் செய்துகாட்டியவள். கிளிஞ்சல் லாஜிஸ்டிக்ஸ் என்ற கம்பெனிக்கு ராயபுரத்தில் தலைமை அலுவலகம். திருவொற்றியூரில் கண்டெய்னர் யார்டு. யார்டிலிருந்து லாரியில் ஆறு நிமிஷம் போனால், எண்ணூர் சாலையில் ஒரு எடைமேடை. மூன்று இடத்திலும் தலா ஒரு சர்வர். இந்த மூன்றையும் கட்டி மேய்க்க கம்பெனி வைத்திருக்கும் ஒரே ஆள் ஆஃபியா. முப்பத்திநாலு வயசு, ஒல்லி உடம்பு, ஓயாத வாய். டிரெய்லர் புகையும் கரித்தூளும் படிந்து சொந்த நிறம் என்னவென்றே மறந்துபோன ஒரு ஸ்கூட்டர்.

சர்வர் என்றதும் மிரள வேண்டாம். ராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கிற கம்ப்யூட்டர், அவ்வளவுதான். அதற்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. தன்பாட்டுக்கு விட்டால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அதனால் ராயபுரத்து சர்வர் வெளியிலிருந்து சரியான நேரத்தை வாங்கி, மற்ற ரெண்டுக்கும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அவை ரெண்டும் அதைக் கேட்டுத் தங்களைத் திருத்திக்கொண்டே இருக்கும். லாரி எப்போது கேட்டைத் தாண்டியது, எப்போது எடைமேடை ஏறியது, எல்லாம் அந்தந்த இடத்து சர்வரின் நேரத்தில்தான் பதிவாகும். ஒன்று தப்பினாலும் முன்னால் நடந்தது பின்னாலும், பின்னால் நடந்தது முன்னாலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த வித்தையை ஆஃபியா காலேஜில் கற்கவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் அவள் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே அதற்கான பாடம் இருந்தது. அவள் அம்மா காத்தூன் பீவி சுவர்க் கடிகாரத்தைப் பதினைந்து நிமிஷம் முன்னால் தூக்கி வைத்திருப்பாள். அப்படி வைத்தால்தான் பிள்ளைகள் நேரத்துக்கு ஸ்கூலுக்குக் கிளம்புமாம். பிள்ளைகளோ பதினைந்தைக் கழித்துவிட்டுத்தான் படுக்கையை விட்டே எழுந்திருப்பார்கள். அத்தா கமாலுதீனின் பட்டன் கடையில் இருந்த கடிகாரம் அஞ்சு நிமிஷம் பின்தங்கியே ஓடும். "கடையை அஞ்சு நிமிஷம் லேட்டா சாத்துனா இன்னா கொறஞ்சிடப் போவுது?" என்பார். நிஜமான மணி எவ்வளவு என்பது பள்ளிவாசலில் பாங்கு சொன்னால்தான் தெரியவரும். எந்தக் கடிகாரம் எவ்வளவு பொய் சொல்லும் என்று எட்டு வயசிலேயே மனப்பாடம் பண்ணியவள் ஆஃபியா.

பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தாள். ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தாள். அப்புறம் கேபிள் இழுக்கிற வேலைக்குப் போனாள். ஏணியில் ஏறி சீலிங்குக்குள் தலையை விட்டு அவள் வயர் இழுப்பதைப் பார்த்து, "பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு?" என்று கேட்டவர்கள் நிறைய பேர். "ஏணிக்கு ஆம்பள பொம்பள தெரியாது நைனா, ஆடாம புடி" என்று மேலிருந்தே பதில் வரும். கிளிஞ்சலில் சேர்ந்த புதிதில் தலைமை அலுவலகத்தில் ஒருத்தர் அவளைக் கூப்பிட்டு, வாடிக்கையாளர் முன்னால் கொஞ்சம் நல்ல தமிழில் பேசச் சொன்னார். "இன்னா சார், இது மட்டும் கெட்ட தமிழா? எங்கூட்ல எல்லாரும் இதுலதான் அல்லாகிட்ட வேண்டுறாங்க, சிரிக்கிறாங்க, சண்ட போடுறாங்க" என்று திருப்பிக் கேட்டாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் அந்தத் திங்கட்கிழமை காலை ஆபரேஷன்ஸ் மேனேஜர் ரெஜி வந்து நின்றார். கன்னியாகுமரிப் பக்கத்து வியாபாரக் குடும்பம். அதிர்ந்து பேச மாட்டார். ஆனால் கேட்கிற கேள்வி நறுக்கென்று இருக்கும்.

"ஆஃபியா, யார்டு சர்வர்ல நேரம் தப்பா காட்ட வாய்ப்பு இருக்கா?"

ஆஃபியா எதிரே இருந்த திரையைப் பார்த்தாள். மூன்று இடத்துக்கும் மூன்று பச்சைப் புள்ளிகள். பச்சை என்றால் எல்லாம் ஒத்துப்போகிறது என்று அர்த்தம்.

"இன்னா சார் இப்படிக் கேட்டுட்டீங்க? என் சர்வர் பொய் சொல்லாது. மூணும் பச்சையா கீது, பாருங்க."

"நிச்சயமா?"

"அல்லா மேல சத்தியமா சொல்றேன் சார்."

ரெஜி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எதற்குக் கேட்கிறார் என்று இவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். டீ வந்துவிட்டது, மறந்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம்தான் விஷயம் காதுக்கு வந்தது. யார்டு கேட்டில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கும் மாசானத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். போன வாரம் குழந்தைகள் கவுன் ஏற்றிப்போன ஒரு கண்டெய்னர் துறைமுகம் போய்ச் சேர்ந்தபோது அதன் கதவில் மாட்டிய கம்பி சீல் உடைந்திருந்தது, பதினாலு அட்டைப்பெட்டிகளைக் காணவில்லை. கேட்டில் சீலைச் சோதித்து, போட்டோ எடுத்து, பதிவு போட்டு அனுப்ப வேண்டியவர் மாசானம். பதிவைப் புரட்டிப் பார்த்தால் எடைமேடையில் லாரி ஏறிய நேரம் நாலு முப்பத்திரெண்டு. கேட்டை விட்டு வெளியே போனதாக மாசானம் பதிந்த நேரம் நாலு முப்பத்தேழு. சீல் போட்டோவிலும் அதே முப்பத்தேழு. யார்டை விட்டு வெளியே போகாத லாரி எடைமேடைக்கு எப்படிப் போகும்? மாசானம் லாரியை விட்டுவிட்டு, அப்புறம் உட்கார்ந்த இடத்திலேயே பதிவை ஜோடித்து, ஏதோ பழைய போட்டோவைச் செருகிவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதோடு விடவில்லை. மூணு வாரத்தில் நாற்பத்திமூணு லாரிகள் இதே மாதிரி இருக்கின்றன என்று வேறு எடுத்து வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். அது முடிந்ததும் மாசானம் பெயரில் போலீசில் புகார்.

இதையெல்லாம் எழுதிவைத்த காகிதத்தின் கடைசி வரி என்ன தெரியுமா? 'சர்வர் நேரம் சரியாக உள்ளது என்று ஆஃபியா உறுதி செய்துள்ளார்.'

படித்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தான் பண்ணிய ஒரு சத்தியத்தில் ஒரு மனுஷனைக் கொண்டுபோய் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியாகிவிட்டது.

மாசானத்தை அவளுக்குத் தெரியாதா என்ன? திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒவ்வொரு லாரி வந்து நிற்கும்போதும் இறங்கிப் போய், சீலை உள்ளங்கையில் சுற்றி மூணு தடவை இழுத்துப் பார்ப்பார். அப்புறம் சீல் நம்பரைச் சத்தம் போட்டுப் படிப்பார். டிரைவரும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேட் திறக்காது. மழை கொட்டினாலும் சரி, பின்னால் இருபது டிரெய்லர் ஹாரன் அடித்தாலும் சரி, திறக்காது. "அண்ணாச்சி, இன்னா பேஜாரு பண்றே" என்று டிரைவர்கள் கத்துவார்கள். "நம்பரச் சொல்லுடே, போவலாம்" என்பார் அவர். இந்த ஆளா உட்கார்ந்த இடத்தில் பதிவை ஜோடிப்பார்? மூணு வாரத்தில் நாற்பத்திமூணு தடவையா?

புதன்கிழமை காலையில் ஆஃபியா ஸ்கூட்டரை நேராக யார்டுக்கு விட்டாள். கேட்டுக்கு வெளியே சாலையைத் தோண்டி மூடியிருந்தார்கள். மண் இன்னும் மட்டமாகவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினாள். கேட்டின் நெற்றியில் சிவப்பு எழுத்தில் பெரிய டிஜிட்டல் கடிகாரம். அது யார்டு சர்வரின் நேரத்தைத்தான் காட்டும். மாட்டியதும் இவள்தான். மணி 10:31 என்று எரிந்துகொண்டிருந்தது.

ஃபோனை எடுத்துப் பார்த்தாள். 10:20.

"யா அல்லா" என்று அவள் வாயிலிருந்து வந்தது.

யார்டு சூப்பர்வைசர் செல்வம் கேபினிலிருந்து ஓடி வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் பயந்த சுபாவம். "இன்னாண்ணே இது? கடியாரம் பதினோரு நிமிஷம் முன்னாடி ஓடிகினு கீது?" என்று ஆஃபியா கேட்டதற்கு, அவர் சிரித்தேவிட்டார்.

"அதுவா? நாங்கதாம்மா தூக்கி வெச்சோம். டிரைவருங்க டீ குடிச்சிக்கினே கடியாரத்தப் பாத்துக்கினு உக்காந்துடுறானுங்க. ரோட்டுல டிரெய்லர் லைன் கட்டி நிக்குது. துறைமுகத்துல கேட்டு மூடுற நேரத்துக்குப் போய்ச் சேராம திரும்பி வந்து நம்மகிட்ட மல்லுக்கு நிக்கிறானுங்க. மாசானம் அண்ணாச்சிதான் சொன்னாரு, பத்து நிமிஷம் தூக்கி வைங்க, பதறிக்கினு கிளம்புவானுங்கன்னு. எங்க வூட்லயும் அப்படித்தானே வெச்சிருக்கோம்? சர்வருக்குள்ள போய் நேரத்த மாத்துனேன்."

"சர்வருக்குள்ளயா? உனுக்கு பாஸ்வேர்டு யார் குடுத்தா?"

"கீபோர்டுக்கு அடியிலதான் எழுதி ஒட்டிருக்கே. உன் கையெழுத்துதாம்மா."

செல்வம் பேசிக்கொண்டே போனார். "போன வருஷமும் ஒரு தபா வெச்சுப் பாத்தோம். கால்மணி நேரத்துல அதுவே பழையபடி வந்து நின்னுக்கிச்சு. இந்த தபா சமத்தா அப்படியே நின்னுடுச்சு. மூணு வாரமா ஒரு டிரைவரும் லேட்டாவல தெரியுமா?"

செல்வத்துக்கும் மாசானத்துக்கும் அது வெறும் சுவர்க் கடிகாரம். வீட்டில் அடுப்படிக்கு மேலே மாட்டியிருப்பது மாதிரி ஒன்று. மூணு வாரமாகப் போகிற ஒவ்வொரு லாரியின் பதிவிலும், ஒவ்வொரு சீல் போட்டோவிலும் அதே பத்து நிமிஷம் போய் உட்கார்ந்துகொள்கிறது என்று அவர்கள் கனவிலும் நினைக்கவில்லை. நாலு இருபத்தாறுக்கு வெளியே போன லாரியைக் கேட் முப்பத்தேழு என்கிறது. ஆறு நிமிஷம் தள்ளி எடைமேடை சரியாக முப்பத்திரெண்டு என்கிறது. வழியில் நிற்காமல் நேராகப் போன நாற்பத்திமூணு லாரிகளிலும் இதே கதை. இவ்வளவுதான் மாசானம் செய்த குற்றம்.

ஆனால் ஆஃபியாவுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. இவர்கள் வைத்தது பத்து நிமிஷம். இப்போது ஓடுவது பதினொன்று. அந்தக் கூடுதல் ஒரு நிமிஷம் எங்கிருந்து வந்தது? தன்பாட்டுக்கு விட்ட கடிகாரம்தான் மூணு வாரத்தில் அப்படி ஒரு நிமிஷம் நகர்ந்திருக்கும். அப்படியென்றால் ராயபுரம் சொல்வது இதன் காதில் விழவே இல்லை. போன வருஷம் கால்மணி நேரத்தில் திருத்திக்கொண்ட அதே சர்வர், இந்த முறை யார் பேச்சையும் கேட்காமல் தனியாக ஓடியிருக்கிறது.

கேபினுக்குள் போய் உட்கார்ந்தாள். செல்வம் டீ வாங்கி வந்து வைத்தார், ஆடை கட்டி ஆறிப்போனது. முதலில் லைனைப் பார்த்தாள். ராயபுரத்துக்குப் பதிவுகள் போகின்றன, போட்டோக்கள் போகின்றன, எல்லாம் ஒழுங்கு. நேரம் மட்டும் வரவில்லை. சுவரில் புதுசாக ஒரு பெட்டி மாட்டியிருந்தது. வெளியே தோண்டியபோது பழைய கேபிள் அறுந்துவிட்டதாம், வேறு கம்பெனிக்காரர்கள் வந்து புது லைன் கொடுத்துவிட்டுப் போனார்களாம். எப்போது? மூணு வாரத்துக்கு முன்னால். அந்தப் பெட்டி மற்ற எல்லாவற்றுக்கும் வழிவிட்டது, நேரம் வந்துபோகிற வழியை மட்டும் அடைத்து வைத்திருந்தது. சரி, அடைக்கட்டும். அடைத்தால் ராயபுரத்துத் திரையில் சிவப்பு எரிய வேண்டுமே? ஃபோனுக்கு மெசேஜ் வர வேண்டுமே? பச்சை எப்படி எரிந்தது?

சர்வரின் அமைப்புக் கோப்பைத் திறந்து வரிவரியாகப் படித்துக்கொண்டே வந்தாள். கடைசிக்கு முந்தின வரியில் கண் நின்றுவிட்டது. 'வெளியிலிருந்து யாரும் நேரம் சொல்லவில்லை என்றால் உன் கடிகாரத்தையே நம்பு' என்று சர்வருக்குச் சொல்லும் வரி. பக்கத்தில் எழுதியவர் பெயர், தேதி. ஆறு வருஷத்துக்கு முந்தின தேதி. பெயர் ஆஃபியா.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அப்போது லைன் நாளுக்கு நாலு தடவை அறுந்துபோகும். ஒவ்வொரு தடவையும் ஃபோன் அலறும். பொறுக்க முடியாமல் ஒருநாள் இந்த வரியைப் போட்டு அதன் வாயைக் கட்டினாள். அன்றிலிருந்து லைன் போகும்போதெல்லாம் அந்த சர்வர் தன்னையே கேட்டு, தனக்கே தலையாட்டி, 'எல்லாம் சரி' என்று பச்சை காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு செகண்டு பிசகாது என்று இவள் ஊரெல்லாம் பேசியது இந்தப் பச்சையை நம்பித்தான்.

அவமானத்தில் அழுகை வந்தது. செல்வம் பார்க்கிறாரே என்று அடக்கிக்கொண்டாள்.

இப்போது பாருங்கள், அந்த வரியை அழிக்க ரெண்டு செகண்டு கூட ஆகாது. அழித்துவிட்டு, புது லைன்காரன் மேலேயும் செல்வம் மேலேயும் பழியைப் போட்டால் ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது. அந்த நினைப்பு அவளுக்கு வரவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வந்தது. விரல் கீபோர்டு வரைக்கும் போனது. அப்புறம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எதையும் தொடாமல், இருக்கிறது இருக்கிறபடியே முழுசையும் நகல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

மாசானத்தின் வீடு திருவொற்றியூரில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரெண்டு நாள் தாடி. இவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இவள் பக்கம் தள்ளினார்.

"வாம்மா ஆபியா. சாப்ட்டியா?"

"அண்ணாச்சி, உம்மேல பழி வந்ததுக்கு நான்தான் காரணம்."

"நீ என்னம்மா செய்வே? பதிவுல இருக்கறதச் சொன்னே."

"அது இல்ல அண்ணாச்சி..."

"நானும் ரெண்டு நாளா யோசிக்கேன்மா" என்றார் மாசானம். குரல் இறங்கிவிட்டது. "அந்த லாரிக்கு சீல இழுத்துப் பாத்த ஞாவகம் நல்லா இருக்கு. ஆனா நீ சர்வர் நேரம் சரின்னு சொல்லிட்டியாம். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்போ எனக்குத்தான் புத்தி பிசகிப்போச்சு, செய்யாதத செஞ்சதா நெனச்சுக்கிட்டிருக்கேன்னு முடிவுக்கு வந்துட்டேன். நாற்பத்திமூணு வண்டின்னா சொல்லுதாவோ? எனக்கே என்மேல நம்பிக்கை போயிட்டும்மா."

ஆஃபியாவுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. சந்தில் போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதாள். இந்த மனுஷன் தன் கையையும் கண்ணையும் விட்டுவிட்டு இவள் வாயை நம்பியிருக்கிறார். முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, கடிகாரத்திலிருந்து தன்னுடைய அந்த ஒரு வரி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். மாசானம் கேட்டு முடித்துவிட்டுத் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் சீலப் பாத்தேன்லா?"

"பாத்தே அண்ணாச்சி. நாற்பத்திமூணையும் பாத்தே."

"அது போதும்" என்றார். உள்ளே திரும்பி, காப்பி போடச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

ஆனால் ரெஜிக்கு அது போதாது. இன்றைக்குக் கடிகாரம் முந்துகிறது, சரி. போன வாரம் அந்த நாலு முப்பத்தேழும் தப்புதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்பார். ஆஃபியா ராயபுரத்துக்குத் திரும்பி, சாயங்காலம் வரைக்கும் தலைமை சர்வரைக் குடைந்தாள். ஆறு மணி சுமாருக்கு அது கிடைத்தது. கிடைத்ததும் நாற்காலியை விட்டு எழுந்து ஒரு குத்தாட்டமே போட்டாள் என்று பக்கத்து சீட்டுக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். இவள் இல்லை என்கிறாள்.

வியாழக்கிழமை பதினோரு மணி. மேஜையைச் சுற்றி ரெஜி, செல்வம், இன்னும் நாலு பெரிய ஆட்கள். போலீசுக்குப் போக வேண்டிய புகார் டைப் அடித்துத் தயாராக இருந்தது. மாசானத்தைக் கூப்பிட்டு ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி வந்திருந்தார். ஆஃபியா ஒரு காகிதத்தை ரெஜி முன்னால் வைத்தாள்.

"சார், யார்டுல போடுற ஒவ்வொரு பதிவும் இங்க வந்து சேருது. வந்து சேரும்போது நம்ம ராயபுரம் சர்வர் அது மேல இன்னொரு நேரம் குத்துது, எப்ப வந்து சேந்துச்சுன்னு. ரிப்போர்ட்டுல இந்தக் கட்டத்த யாரும் அச்சடிக்கிறதில்ல, யாருக்கும் தேவப்படல. இப்பப் பாருங்க. அண்ணாச்சி இந்த லாரிக்குப் பதிவு போட்ட நேரம் இன்னா?"

"நாலு முப்பத்தேழு."

"நம்மகிட்ட வந்து சேந்த நேரம்?"

ரெஜி குனிந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். "நாலு இருபத்தாறு."

"எழுதுறதுக்கு பதினோரு நிமிஷம் முன்னாடியே லெட்டர் வந்து சேந்துருச்சு சார். அண்ணாச்சி நல்ல கேட்டு கிளார்க்குதான், ஆனா அந்த அளவுக்குக் கெட்டிக்காரர் இல்ல."

யாரோ ஒருத்தர் சிரித்துவிட்டார். ஆஃபியா சிரிக்கவில்லை. "நாற்பத்திமூணு லாரிக்கும் இதே கதைதான். முதல் வாரம் பத்து நிமிஷம், இப்ப பதினொண்ணு. போட்டோவும் பதிவோட சேந்து வந்ததுதான், அதே இருபத்தாறு. சீல் முழுசா கீது. ஆறு நிமிஷம் கழிச்சு எடைமேடை கேமராவுலயும் முழுசா கீது, அந்தக் கடியாரத்த நம்பலாம், இங்க இருக்கறதோட வெச்சு நேத்து பாத்துட்டேன். சீல் ஒடஞ்சது அதுக்கப்புறம் ரோட்டுலதான். அத யாருன்னு போலீசு தேடட்டும். எங்க அண்ணாச்சி பேரு மட்டும் அந்தக் காயிதத்துல வரக் கூடாது."

ரெஜி நிமிர்ந்தார். "கடிகாரத்த மாத்தினது யாரு?"

எழுந்திருக்கப் போன செல்வத்தை ஆஃபியா கையைக் காட்டி உட்கார வைத்தாள்.

"சார், டிரைவருங்க லேட்டாவக் கூடாதுன்னு இவுங்க கடியாரத்த தூக்கி வெச்சாங்க. நம்ம ஊர்ல எந்த வூட்ல இல்ல சொல்லுங்க? யாரு கை வெச்சாலும் அந்த சர்வர் தன்னத் திருத்திக்கணும், முடியலன்னா கத்தணும். அது கத்தாம இருந்துச்சு. ஏன்னா ஆறு வருஷம் முன்னாடி அது வாயக் கட்டுனது நான். பாஸ்வேர்ட எழுதி ஒட்டுனதும் நான். நீங்க வந்து கேட்டப்போ எழுந்து போய்ப் பாக்காம சத்தியம் பண்ணதும் நான்தான். ரிப்போர்ட்டுல எல்லாம் எழுதிருக்கேன். பேரு போடணும்னா என் பேரப் போடுங்க."

ரெஜி அந்த ரிப்போர்ட்டைக் கடைசி வரைக்கும் படித்தார். அப்புறம் டைப் அடித்து வைத்திருந்த புகாரை எடுத்து ரெண்டாகக் கிழித்தார். எழுந்து மாசானத்திடம் போய் நின்றார். "அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடுங்க" என்றார். ஊர்ப் பேச்சு தன்னாலே வந்துவிட்டது. ஆஃபியாவுக்கு ஒரு மெமோ கிடைத்தது. அதை அவள் ஒளித்து வைக்கவில்லை. 'தன் தவறைத் தானே கண்டுபிடித்துத் தெரிவித்தார்' என்று அதில் ஒரு வரி இருக்கிறது. வீட்டில் அத்தாவுக்குச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினாள். கமாலுதீன் அதை வாங்கி, பட்டன் கடைக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்தார். "திட்டுன காயிதத்தப் போய் ஒட்டுவாங்களா?" என்று காத்தூன் பீவி தலையில் அடித்துக்கொண்டாள். "இத மாதிரி திட்டு வாங்க நம்ம தெருவுல எவன் கீறான்?" என்று கேட்டார் அவர்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் யார்டில் லாரிகளைப் பன்னிரெண்டு நிமிஷம் நிறுத்திவைத்தார்கள். நேரத்தைப் பின்னால் இழுக்கும்போது ஒரு பதிவும் நடக்கக் கூடாது, நடந்தால் ஒரே நிமிஷத்துக்கு ரெண்டு கதை வந்துவிடும். லைன்காரர்கள் வந்து பெட்டியில் வழியைத் திறந்துவிட்டார்கள். ஆஃபியா அந்தப் பழைய வரியை அழித்தாள், பாஸ்வேர்டை மாற்றினாள், மூணு கடிகாரமும் ஒன்றையொன்று வேவு பார்க்கும்படி வைத்தாள். இனி எது ஒன்று தவறினாலும் மற்ற ரெண்டும் கத்தும். கேட்டின் நெற்றியில் சிவப்பு எழுத்து சரியான நேரத்துக்கு வந்து நின்றது.

வேலை முடிந்ததும் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மாசானத்திடம் நீட்டினாள். வண்ணாரப்பேட்டை கடையில் வாங்கிய சாதாரண பேட்டரி கடிகாரம்.

"இந்தா அண்ணாச்சி. இத டீக்கடைப் பக்கமா மாட்டிக்கோ. இதுக்கு வயரு இல்ல, சர்வர் இல்ல, ஒண்ணோடயும் சம்பந்தம் இல்ல. பத்து நிமிஷமோ பதினஞ்சோ, உன் இஷ்டத்துக்குத் தூக்கி வெச்சிக்கோ."

மாசானம் அதை வாங்கி, பின்னால் இருந்த திருகைத் திருப்பிப் பத்து நிமிஷம் முன்னால் வைத்தார். ஏணி போட்டு அவரே மாட்டினார். ஆஃபியா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் கேட்டுக்கு வந்தார். முதல் லாரி வந்து நின்றது. சீலை உள்ளங்கையில் சுற்றி மூணு தடவை இழுத்தார். நம்பரைச் சத்தம் போட்டுப் படித்தார். டிரைவர் திருப்பிச் சொன்னான். பதிவு போட வேண்டிய பட்டன் மேல் விரலை வைத்தவர், அழுத்தாமல் ஆஃபியாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, சர்வர் மணி சரிதானா?"

ஆறு வருஷமாக இந்தக் கேள்வியை யார் கேட்டாலும், கேட்டு முடிக்கும் முன்னாலேயே அவளிடமிருந்து பதில் வந்து விழும். பின்னால் டிரெய்லர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஆஃபியா லேப்டாப்பைத் திறந்தாள்.

"இரு அண்ணாச்சி, பாத்துட்டு சொல்றேன்."

மூணு கடிகாரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஃபோனையும் எடுத்துப் பார்த்தாள். அப்புறம் தலையை நிமிர்த்தி, அந்த யார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "சரியா கீது அண்ணாச்சி, போடு!" என்றாள்.